உலகைச் சுற்றி வந்த அரசகுமாரன் கதை

மறைக்கல்வி வகுப்பில் கதை சொல்வது எனக்கு நெடுநாள் வழக்கம். பாடம் எவ்வளவு கடினமாயினும் இறுதியில் ஒரு கதை வரும் என்னும் நம்பிக்கையில்தான் பிள்ளைகளில் பலர் பொறுமையோடு அமர்ந்திருப்பார்கள். ஒரு ஞாயிறன்று, மரணத்தையும் மறுவாழ்வையும் பற்றிய பாடம் முடிந்ததும், பழைய புனிதர் சரித்திரங்களில் வரும் உவமை ஒன்றைச் சொன்னேன்.

ஒரு மனிதனை ஒற்றைக்கொம்புடைய கொடிய விலங்கு ஒன்று துரத்துகிறது. தலைதெறிக்க ஓடியவன் ஆழ்ந்த படுகுழி ஒன்றில் தவறி விழுகிறான். விழும்போது கைக்கெட்டிய சிறு மரத்தைப் பற்றிக்கொண்டு தொங்குகிறான். ‘தப்பினோம்’ என்று மூச்சு விடுவதற்குள், வெள்ளெலி ஒன்றும் கறுப்பெலி ஒன்றும் அந்த மரத்தின் வேரைக் கொறித்துக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது. குழியின் அடியிலோ பெரும்பாம்பு ஒன்று வாயைப் பிளந்து காத்திருக்கிறது. அந்நேரம் மேலிருந்த கிளையிலிருந்து தேன் துளி ஒன்று சொட்டுகிறது. உடனே அவன் விலங்கை மறந்தான், எலிகளை மறந்தான், பாம்பையும் மறந்தான். நாவை நீட்டித் தேனைச் சுவைக்கலானான்! விலங்கு மரணம், மரம் நம் ஆயுள், எலிகள் பகலும் இரவும், தேன் துளியே இவ்வுலக இன்பம் என்று விளக்கி முடித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். “சார், இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழம்மா சொன்னார்கள். அதில் துரத்துவது யானை. சமணர் எழுதிய பழைய தமிழ் நூலில் இருக்கிறதாம். அப்படியென்றால் யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்?” என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. “அடுத்த ஞாயிறு சொல்கிறேன்” என்று கூறி வகுப்பை முடித்தேன். ஆனால் ஒரு வாரம் போதவில்லை. பல மாதங்கள் தேட வேண்டியதாயிற்று. அத்தேடலில் நான் கண்டது, உலகம் முழுவதும் நடந்து திரிந்த ஒரு மரபுக் கதையின் வியத்தகு வரலாறு. வாசக அன்பர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பர்லாமும் யோசபாத்தும்

அந்த உவமை, பர்லாம், யோசபாத்து என்னும் இருவரின் சரித்திரத்தில் வருவது. இடைக்கால ஐரோப்பாவில் இதனை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் அரிது எனலாம். கதை இதுதான்.

இந்திய நாட்டை அபென்னேர் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். அவன் சிலைவழிபாட்டினன், கிறிஸ்தவத் துறவிகளைக் கொடுமைப்படுத்தியவன். நெடுங்காலம் பிள்ளையின்றி வருந்திய அவனுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. யோசபாத்து எனப் பெயரிட்டுச் சோதிடர்களை அழைத்தான். எல்லாரும் குழந்தையின் செல்வச் சிறப்பையே புகழ்ந்தனர். அவர்களுள் அறிவிற் சிறந்த ஒருவன் மட்டும், “இவன் அடையப்போகும் அரசு உமது அரசு அன்று, நீர் பகைக்கும் சமயத்தையே இவன் தழுவுவான்” என்றான்.

அஞ்சிய மன்னன் தனியே ஓர் அரண்மனை எழுப்பி அதனுள் மகனை வைத்து வளர்த்தான். நோய், முதுமை, சாவு ஆகிய சொற்களே இளவரசன் செவியில் விழக்கூடாது என்று ஆணையிட்டான். இளமையும் அழகும் உடையோரே ஏவலராயினர். அவர்களுள் எவரேனும் நோயுற்றால் உடனே அகற்றப்பட்டனர். ஆயினும் வாலிபனான யோசபாத்து தந்தையிடம் மன்றாடி வெளியே சென்றான். வழியில் ஒரு தொழுநோயாளியையும் ஒரு பார்வையற்றவரையும் கண்டான். பின்னொரு நாள், கூன் விழுந்து பல்லிழந்து தள்ளாடிய முதியவர் ஒருவரைக் கண்டான். “இந்நிலை எல்லாருக்கும் வருமோ? இதன் முடிவு யாது?” என்று வினவினான். மரணம் என்னும் விடை கிடைத்த நாள் முதல் அரண்மனை அவனுக்குச் சிறையாயிற்று.

அந்நாளில் பர்லாம் என்னும் முதிய துறவி, விலைமதிப்பற்ற மணி ஒன்றை விற்கும் வணிகனைப் போல வேடமிட்டு அவனிடம் வந்தார். அவர் கொணர்ந்த மணி இறைவார்த்தையே. உவமை உவமையாகச் சொல்லி அவனுக்கு அறிவு புகட்டித் திருமுழுக்கும் அளித்தார். மன்னன் விவாதத்தாலும் மங்கையராலும் மகனை மாற்ற முயன்று தோற்றான். இறுதியில் தானே மனம் மாறி இறந்தான். யோசபாத்து அரியணையைத் துறந்து, ஈராண்டுகள் பாலைநிலத்தில் அலைந்து, தம் குருவைக் கண்டடைந்தார். இருவரும் தவ வாழ்வு வாழ்ந்து இறந்து, அருகருகே அடக்கம் செய்யப்பட்டனர்.

16ஆம் நூற்றாண்டில், நாள்தோறும் நினைவுகூர வேண்டிய புனிதர்களின் பட்டியலான உரோமை மறைசாட்சியர் நூலில், நவம்பர் 27ஆம் நாளுக்குரியவர்களாக இவ்விருவர் பெயரும் இடம்பெற்றன. கிரேக்கத் திருச்சபையும் ஆகஸ்டு 26ஆம் நாளில் யோசபாத்தை நினைவுகூர்ந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 1623இல் மறைசாட்சியாக உயிர்நீத்த ஆயர் புனித யோசபாத்து வேறு. அவர் வரலாற்று மனிதர். அவர் திருநாள் நவம்பர் 12. நாம் பேசுவது அரசகுமாரன் யோசபாத்தைப் பற்றி.

இவர் யார்?

அன்பர்களே, அரண்மனைக்குள் அடைத்து வளர்க்கப்பட்ட இளவரசன், வெளியே வந்தபோது கண்ட நோயும் மூப்பும், துறவு, மனைவாழ்வைத் துறந்து கானகம் ஏகுதல் — இவற்றைப் படிக்கும்போதே உங்கள் உள்ளத்தில் வேறொரு பெயர் எழுந்திருக்குமன்றோ? ஆம். இது கவுதம புத்தரின் வரலாறாகப் பௌத்த மரபு சொல்லி வந்த கதை. கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அசுவகோசர் ‘புத்தசரிதம்’ என்னும் வடமொழிக் காவியத்தில் இதனை விரித்துப் பாடியுள்ளார்.

இந்த ஒற்றுமையை முன்னரே சிலர் உணர்ந்தனர். கோவாவில் நெடுங்காலம் வாழ்ந்து 1616இல் மறைந்த போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ, புத்தரின் கதை யோசபாத்தின் கதையை ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். ஆனால், யோசபாத்தைத்தான் இந்நாட்டு மக்கள் வேறு பெயரால் போற்றுகின்றனர் என்பது அவர் எண்ணம்! உண்மை அதற்கு நேர்மாறானது என்பதை 1859இல் பிரெஞ்சு அறிஞர் லபூலேயும், மறு ஆண்டில் செருமானிய அறிஞர் லீப்ரெக்டும் எடுத்துக்காட்டினர்.

இவர்களுக்கெல்லாம் முன்னே, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்க்கோ போலோ தம் பயணக் குறிப்பில் இலங்கையைப் பற்றிக் கூறுமிடத்துப் புத்தரின் வாழ்வையும் சொல்கிறார். இவர் கிறிஸ்தவராக இருந்திருப்பின் பெரும் புனிதராய் இருந்திருப்பார் என்று பாராட்டுகிறார். பாவம், தம் சொந்த நாட்டு ஆலயங்களில் அவ்வரசகுமாரன் ஏற்கெனவே புனிதராகப் போற்றப்பட்டு வந்ததை அவர் அறியவில்லை!

பெயர் மாறிய பாதை

புத்தர் யோசபாத்து ஆனது எங்ஙனம்? பெயரே அதற்குச் சான்று. ஞானம் பெறுவதற்கு முன்னுள்ள நிலையில் புத்தரைப் போதிசத்துவர் என்பர். இக்கதை மேற்கு நோக்கிச் சென்றபோது, மத்திய ஆசியாவில் மானி என்பவரின் சமயத்தைச் சார்ந்தோரும் அதனை அறிந்திருந்தனர். துர்பான் பகுதியில் கிடைத்த ஏட்டுத் துணுக்குகள் இதற்குச் சான்று பகர்கின்றன. பின்பு அது அரபு மொழியில் ‘பிலவ்கர், பூதாசஃப்’ என்போரின் கதையாக எழுதப்பட்டது. அரபு எழுத்தில் ‘ப’கரத்துக்கும் ‘ய’கரத்துக்கும் சொல்லின் முதலில் வேறுபாடு ஒரு புள்ளிதான். முன்னதற்குக் கீழே ஒரு புள்ளி, பின்னதற்கு இரண்டு. ஏடெழுதியவர் கையில் ஒரு புள்ளி கூடியது. பூதாசஃப் யூதாசஃப் ஆனார்.

அடுத்துக் கதை காக்கசு மலைநாடாகிய ஜார்ஜியாவை அடைந்தது. அங்கேதான், 9ஆம் அல்லது 10ஆம் நூற்றாண்டில், அது கிறிஸ்தவக் கதையாக உருப்பெற்றது. யூதாசஃப் அங்கே ‘யோதசாப்’, பிலவ்கர் ‘பலாவர்’. கிரேக்க நாட்டின் அத்தோசு மலையில் ஜார்ஜியத் துறவிகளுக்கென ஒரு மடம் இருந்தது. அம்மடத்தைச் சேர்ந்தவரும் 1028இல் மறைந்தவருமான துறவி யூத்திமியுசு அதனைக் கிரேக்கத்தில் ஆக்கினார் என்பதே இன்று அறிஞர் பலர் கொள்ளும் முடிபு. நெடுங்காலம் அந்நூல் தமஸ்கு நகரப் புனித யோவானின் படைப்பு எனக் கருதப்பட்டது. கிரேக்கத்தில் ‘யோவாசாப்’ என்றிருந்த பெயர், இலத்தீனில், திருவிவிலியத்து யூதா அரசர் ஒருவரின் பெயரோடு ஒன்றி ‘யோசபாத்து’ ஆயிற்று. முதல் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1048இல் கான்ஸ்தாந்திநோபிளில் செய்யப்பட்டது.

அதன் பிறகு கதைக்கு இறக்கை முளைத்தது. 13ஆம் நூற்றாண்டில், பின்னாளில் செனோவா நகரப் பேராயரான யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த ‘லெகெந்தா ஔரேயா’ என்னும் புகழ்பெற்ற புனிதர் சரித்திரத் திரட்டில் அது இடம்பெற்றது. அதே நூற்றாண்டில் நார்வே மொழியிலும் அது வழங்கியது. பார்சலோனா நகர யூத அறிஞர் ஆபிரகாம் இபின் அஸ்தாய் அதனை எபிரேயத்தில் எழுதினார். 1553இல் எத்தியோப்பிய மொழிக்குச் சென்றது. எல்லாவற்றினும் வியப்பானது ஒன்று. 1591இல் இயேசு சபையினர் ஜப்பானில் அச்சிட்ட புனிதர் சரித்திரத்தில் பர்லாம், யோசபாத்து கதையும் இருந்தது. நம் நாட்டில் பிறந்து, மேற்கே உலகைச் சுற்றி, கிறிஸ்தவ உடையணிந்து, புத்தரை வணங்கும் நாட்டிற்கே அரசகுமாரன் திரும்பி வந்தார்!

உவமைகள் சென்ற வழி

பர்லாம் சொன்ன உவமைகளும் தனித்தனியே பயணம் போயின. நான் வகுப்பில் சொன்ன படுகுழி உவமை மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்தில் உள்ளது. சமண நூல்கள் அதனைப் பெரிதும் போற்றின. அச்சிறுமியின் ஆசிரியை குறிப்பிட்ட நூல், தோலாமொழித்தேவர் இயற்றியதும் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றுமான சூளாமணி. யானை துரத்த, பாம்பு உறையும் குழியில் தொங்கியவாறே தேன் துளியை நக்கும் மனிதனை அதில் ஒரே செய்யுளில் காணலாம். யானை கிரேக்க நூலில் ஒற்றைக்கொம்பு விலங்காயிற்று. இத்தாலியில் பார்மா நகரத் திருமுழுக்கு ஆலயத்தின் தென்வாயில் மீது இக்காட்சி கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. 1196இல் கட்டத் தொடங்கிய ஆலயம் அது. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருசிய எழுத்தாளர் தால்ஸ்தாய், தம் உள்ளத்துப் போராட்டத்தை விளக்கும் நூலில் இதே உவமையைக் கீழ்நாட்டுக் கதை என்று கூறி, அம்மனிதன் தாமே என்றார்.

இன்னோர் உவமை பேழைகளைப் பற்றியது. மன்னன் ஒருவன் நான்கு பேழைகள் செய்வித்தான். இரண்டைப் பொன்னால் மூடி, உள்ளே அழுகிய எலும்புகளை இட்டான். இரண்டின் மீது கீல் பூசி, உள்ளே மணிகளை நிரப்பினான். “எது உயர்ந்தது?” என்று வினவ, அமைச்சர்கள் பொற்பேழைகளையே சுட்டினர். கந்தல் உடுத்த துறவிகளைத் தான் பணிந்ததற்காகப் பழித்தவர்களுக்கு மன்னன் தந்த விடை அது. இலத்தீன் கதைத் திரட்டுகளின் வழியாக இங்கிலாந்து சேர்ந்த இவ்வுவமையே, சேக்ஸ்பியரின் ‘வெனிசு வணிகன்’ நாடகத்தில் பொன், வெள்ளி, ஈயம் ஆகிய மூன்று பேழைகளாக மாறியது.

மூன்றாவது, மூன்று நண்பர்களின் உவமை. பெருங்கடன்பட்ட ஒருவனை அரசன் அழைத்தான். உயிராய் மதித்த முதல் நண்பன் இரண்டு துணித்துண்டுகளை மட்டும் கொடுத்து விலகினான். இரண்டாம் நண்பன் சிறிது தூரம் உடன் வந்து திரும்பினான். ஒருபோதும் பொருட்படுத்தாத மூன்றாம் நண்பன்தான், “நான் முன்னே சென்று அரசனிடம் உனக்காக மன்றாடுவேன்” என்றான். முதல் நண்பன் செல்வம்; அது தருவது பிணத்தைப் போர்த்தும் துணியே. இரண்டாமவர் உற்றார்; அவர்கள் கல்லறை வரை வருவர். மூன்றாம் நண்பனோ நாம் செய்த நற்செயல்கள். எந்த நாட்டு இழவு வீட்டிலும் இந்த உவமையைச் சொல்லலாம், கேட்பவர் தலையசைப்பர்.

கதைக்குள் இருந்த புதையல்

மரபுக் கதை என்று இதனைத் தள்ளிவிட எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகர அரிஸ்தீதெசு என்னும் கிறிஸ்தவ மெய்யறிவாளர், உரோமைப் பேரரசருக்கு விசுவாசத்தை விளக்கி ஒரு முறையீடு எழுதினார். பல நூற்றாண்டுகளாக அந்நூல் அழிந்ததாகவே கருதப்பட்டது. 1889இல் சீனாய் மலையிலுள்ள புனித கத்தரீனாள் மடத்தில் ரெண்டல் ஹாரிசு என்னும் அறிஞர் அதன் சிரியாக்கு மொழிபெயர்ப்பைக் கண்டெடுத்தார். அதனைப் படித்த மற்றோர் அறிஞர் ராபின்சன் திடுக்கிட்டார். ‘இதனை வேறெங்கோ படித்திருக்கிறோமே’ என்று எண்ணினார். யோசபாத்தின் கதையில், மன்னன் முன் நடந்த விவாதத்தில் ஒருவன் ஆற்றும் நீண்ட உரை அதுதான்! கதையை எழுதியவர் பழைய நூலின் பகுதியை எடுத்துத் தம் பாத்திரத்தின் வாயில் வைத்திருந்தார். அழிந்ததாக எல்லாரும் வருந்திய நூல், எல்லாரும் படித்த கதைக்குள் அத்தனை காலமும் பத்திரமாக இருந்தது.

நாம் வெட்கப்பட வேண்டுமா?

இனி, சற்றுக் கடினமான வினாவுக்கு வருவோம். நம் முன்னோர் வேண்டுதல் செய்த ஒரு புனிதர் அப்பெயரால் வாழ்ந்ததே இல்லை என்றால், நாம் ஏமாற்றப்பட்டோமா? இதனைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? தேடலின் நடுவே நானே தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘இந்தக் கதையை இனிச் சொல்லாமல் விட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது’ என்றும் எண்ணினேன்.

ஆனால் திருச்சபையின் அறிஞரே இத்தகைய உண்மைகளுக்கு அஞ்சவில்லை என்பதைக் கண்டேன். பொல்லாந்தியர் எனப்படும் இயேசு சபை ஆய்வாளர்கள் 1643 முதல் புனிதர்களின் வரலாற்றை ஏடு ஏடாகச் சோதித்துப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டு வந்துள்ளனர். அவர்களுள் ஒருவரான இப்போலித் தெலகாய் அடிகளார் 1905இல் வெளியிட்ட நூலில், புனிதர் சரித்திரங்களில் வரலாறு எது, மக்களின் கற்பனை எது என்று பிரித்தறியும் முறையை வகுத்துத் தந்தார். ‘லெகெந்தா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கே ‘வாசிக்கத்தக்கவை’ என்றுதான் முதற்பொருள். திருநாளில் வாசிக்கப்பட்டவை அவை. ‘இவ்வாறே நடந்தது’ என்று அச்சொல் ஆணையிட்டுக் கூறவில்லை.

கதையை எழுதிய துறவிகள் யாரையும் ஏமாற்ற எண்ணியவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தொலைநாட்டிலிருந்து வந்த கதையில், உலகை வெறுத்துக் கடவுளைத் தேடும் ஓர் உள்ளத்தை அவர்கள் கண்டார்கள். அது தங்கள் உள்ளம் போல் இருக்கவே தங்களவர் என்று எண்ணினார்கள். அவர்கள் செய்த பிழை வரலாற்றுப் பிழை. ஆயின் அந்தப் பிழைக்குள் ஒரு மதிப்பும் இருந்தது. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதனையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் அறிவித்தது. சங்கம் அறிந்து சொன்னதை, அப்பழைய துறவிகள் அறியாமலே செய்திருந்தனர்!

அதற்காக எல்லாச் சமயங்களும் ஒன்றே என்று கதையைக் கொண்டு வாதிடுவதும் முறையன்று. புத்தர் தேடியது துன்பத்தின் வேரை அறுக்கும் வழி. யோசபாத்து தேடியது தம்மைத் தேடி வந்த இறைவனை. உடை ஒன்றாயினும் உள்ளே சொல்லப்படுவது வேறு. அவ்வேறுபாட்டை மறைப்பது இரு சாராருக்கும் செய்யும் அவமதிப்பாகும். அயலானின் கதையை அயலானுடையது என்று ஒப்புக்கொண்டு நன்றியோடு சொல்வதே நேர்மை.

சிறுமிக்குச் சொன்ன விடை

பல மாதங்களுக்குப் பின் ஒரு ஞாயிறன்று இவ்வனைத்தையும் வகுப்பில் சொன்னேன். உலகப் படத்தை விரித்து, கதை நடந்து வந்த வழியை விரலால் காட்டினேன். பிள்ளைகள் வாய்மூடிக் கேட்டார்கள். முடித்ததும் அச்சிறுமி மீண்டும் எழுந்தாள்.

“அப்படியென்றால் யோசபாத்து என்று ஒருவர் இல்லவே இல்லையா, சார்?”

“அந்தப் பெயரில் ஓர் அரசகுமாரர் இருந்ததாகச் சான்று இல்லை, அம்மா. ஆனால் வீட்டைத் துறந்து உண்மையைத் தேடிப் போன ஒருவர் நம் நாட்டில் உண்மையாகவே வாழ்ந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அவர் கதையை நாம் கடன் வாங்கினோம். கடனை மறைத்தால்தான் திருட்டு, ஒப்புக்கொண்டால் உறவு” என்றேன்.

அவள் சிறிது யோசித்து, “எங்கள் தமிழம்மாவிடமும் இதைச் சொல்கிறேன்” என்று கூறி அமர்ந்தாள். ‘யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்?’ என்று வழக்காகத் தொடங்கிய கேள்வி, இரண்டு ஆசிரியர்களுக்கிடையே ஒரு செய்தியாக முடிந்தது எனக்கு நிறைவளித்தது.

அன்புப் பெற்றோரே, உங்கள் இல்லங்களில் இரவுச் செபம் முடிந்தபின் சிறிது நேரம் கதைக்கென ஒதுக்குங்கள். பாட்டிமாரையும் தாத்தாமாரையும் சொல்லச் செய்யுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையும் வந்து அமரட்டும். அவன் வீட்டுக் கதையை அவனும் சொல்லட்டும். “இது உண்மையாக நடந்ததா?” என்று உங்கள் பிள்ளை கேட்டால் சினந்துகொள்ளாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிடில், “தேடிச் சொல்கிறேன்” என்று கூறித் தேடுங்கள். வெள்ளெலியும் கறுப்பெலியும் நம் மரத்தின் வேரை ஓயாது கொறித்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சியிருக்கும் பொழுதில் பிள்ளைகளோடு உண்மை பேசி வாழ்வது, தேன் துளியை நக்குவதினும் மேலான செயல் அன்றோ!